ஸ்வீடன் பட்டத்து இளவரசி விக்டோரியா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டயானா தொடங்கி ஹாரி வரை பிரிட்டன் அரச குடும்பத்தின் கதை நம்மில் பலருக்கு மனப்பாடம். ஸ்வீடனில் அடுத்து அரியணை ஏறப்போகும் பெண்ணைப் பற்றி அந்த அளவுக்குப் பேச்சு எழுவதில்லை. எனக்கு விக்டோரியாவின் கதைதான் அதைவிட முக்கியமாகப் படுகிறது. அவருக்குப் பட்டம் கிடைத்தது நாடாளுமன்ற வாக்கெடுப்பால். மக்களின் அன்பு கிடைத்ததற்குக் காரணம், தன் பலவீனங்களை அவர் மூடி மறைக்காமல் இருந்தது. அவரையும் அவர் குடும்பத்தையும் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

விக்டோரியா யார்?

ஸ்வீடன் மன்னர் பதினாறாம் கார்ல் குஸ்தாவ், ராணி சில்வியா தம்பதியின் மூத்த மகள். 1977 ஜூலை 14 அன்று ஸ்டாக்ஹோமை ஒட்டிய சோல்னாவில், கரோலின்ஸ்கா மருத்துவமனையில் பிறந்தார். முழுப்பெயர் விக்டோரியா இங்க்ரிட் ஆலிஸ் டெசிரே. எல்லாமே குடும்பத்துப் பெண்களின் பெயர்கள். விக்டோரியா என்பது மன்னரின் கொள்ளுப்பாட்டி பெயர். இங்க்ரிட், டென்மார்க்கின் ராணியாகப் போன மன்னரின் அத்தை. ஆலிஸ், பிரேசில்காரரான அம்மாவழிப் பாட்டி. டெசிரே, இப்போதைய பெர்னடோட் அரச பரம்பரையின் முதல் ராணி. கணவர் இளவரசர் டேனியல். மகள் எஸ்டெல், மகன் ஆஸ்கர் என இரண்டு பிள்ளைகள்.

பிறக்கும்போதே பட்டத்து இளவரசியாகப் பிறந்தவர்தானே?

இல்லை. அவர் பிறந்த அன்று ஸ்வீடனின் வாரிசுரிமைச் சட்டப்படி பெண்ணுக்கு அரியணையில் இடமே இல்லை. 1810-ல் எழுதப்பட்ட அந்தச் சட்டம் ஆண்வழிக்கு மட்டுமே உரிமை தந்தது. தம்பி இல்லையே என்று அக்காவுக்குக் கொடுக்கும் ஏற்பாடுகூட அதில் கிடையாது.

எழுபதுகளின் ஸ்வீடன் அதை அப்படியே விட்டுவைக்கத் தயாராக இல்லை. புதிய அரசியல் சாசனம் 1975 தொடக்கத்தில் அமலுக்கு வந்திருந்தது. மன்னரின் ஆட்சி அதிகாரம் முழுவதும் போய், அரசுத் தலைவர் என்ற சடங்குப் பொறுப்பு மட்டும் மிஞ்சியது. ஆண், பெண் சமத்துவம் தேர்தல் மேடைகளின் பேச்சாக இருந்த காலம் அது. வாரிசுரிமையையும் திருத்த முடிவானது.

ஆனால் ஸ்வீடனில் அடிப்படைச் சட்டத்தைத் திருத்த வேண்டுமென்றால் நாடாளுமன்றம் இரண்டு முறை ஒப்புதல் தர வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு பொதுத்தேர்தல் நடந்திருக்க வேண்டும். முதல் வாக்கெடுப்பு முடிந்து, தேர்தல் வருவதற்குள், 1979 மே 13 அன்று விக்டோரியாவுக்கு ஒரு தம்பி பிறந்துவிட்டான். பெயர் கார்ல் பிலிப். பழைய சட்டம்தான் அப்போதும் நடப்பில் இருந்ததால், பிறந்த நொடியிலேயே அந்தக் குழந்தை பட்டத்து இளவரசன்.

தேர்தலுக்குப் பிறகு இரண்டாவது வாக்கெடுப்பும் நடந்தது. 1980 ஜனவரி 1 முதல், ஆணோ பெண்ணோ, மூத்த பிள்ளைக்கே அரியணை என்ற விதி அமலுக்கு வந்தது. ஏழரை மாதக் கைக்குழந்தையிடமிருந்த பட்டம் இரண்டரை வயது அக்காவுக்கு மாறியது. இப்படி ஒரு சட்டத்தைக் கொண்டுவந்த முதல் முடியாட்சி ஸ்வீடன். நெதர்லாந்து 1983-லும், நார்வே 1990-லும், பெல்ஜியம் 1991-லும், டென்மார்க் 2009-லும் பின்தொடர்ந்தன. பிரிட்டன் 2013-ல்தான் சட்டம் இயற்றியது. ஸ்பெயினில் இன்றுவரை தம்பிக்கே முன்னுரிமை. அந்நாட்டு மன்னரின் மூத்த மகள் லியோனோருக்குத் தம்பி இல்லாததால் அவர் வாரிசு.

தம்பியிடமிருந்து எடுத்துக் கொடுத்தது நியாயமா? மன்னர் என்ன சொன்னார்?

மன்னருக்கு அதில் உடன்பாடில்லை. பெண் வாரிசு வருவதை அவர் கொள்கையளவில் எதிர்க்கவில்லை. ஏற்கெனவே பட்டத்தோடு பிறந்துவிட்ட மகனிடமிருந்து அதை எடுப்பதுதான் தவறு என்றார். நாற்பது ஆண்டுகள் கழிந்தும் அந்த வருத்தம் தீரவில்லை. 2023 ஜனவரியில் வெளியான ஓர் ஆவணப்படத்தில் அதையே மறுபடி சொல்ல, நாட்டில் பெரிய சர்ச்சை கிளம்பியது. சில நாட்களிலேயே மன்னர் அறிக்கை விட்டார்: விக்டோரியாதான் தன் வாரிசு, அவரைப் பெற்றது தனக்கும் நாட்டுக்கும் பெருமை, அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம் என்று.

ஒரு தகப்பனாக அவர் மனநிலை எனக்குப் புரிகிறது. ஆனாலும் நாடாளுமன்றம் செய்ததே சரி என்பேன். பக்கத்திலுள்ள நார்வேயைப் பாருங்கள். அங்கே 1990-ல் சட்டம் மாறியது, ஆனால் ஏற்கெனவே பிறந்த தம்பியின் முதலிடத்தைத் தொடவில்லை. அதனால் 1971-ல் பிறந்த அக்கா மார்த்தா லூயிஸ் இருக்க, 1973-ல் பிறந்த தம்பி ஹாகோனே பட்டத்து இளவரசர். யார் மனமும் நோகாமல் நடந்தது. ஆனால் அநீதி இன்னொரு தலைமுறை நீண்டது. ஸ்வீடன் அந்தச் சங்கடத்தை ஒரே தடவையில் ஏற்று முடித்துவிட்டது. கார்ல் பிலிப்பும் இதை வைத்து அக்காவோடு மல்லுக்கு நின்றதில்லை. இருவரும் நெருக்கம், எஸ்டெலின் ஞானப்பெற்றோரில் அவரும் ஒருவர்.

மன்னருக்கு அக்காக்கள் உண்டா? அவர்கள் ஏன் ராணியாகவில்லை?

நான்கு அக்காக்கள்: மார்கரெத்தா, பிர்கிட்டா, டெசிரே, கிறிஸ்டினா. ஸ்டாக்ஹோமை ஒட்டிய ஹாகா அரண்மனையில் வளர்ந்ததால் ஹாகா இளவரசிகள் என்று நாடே அவர்களைச் செல்லமாக அழைத்தது. நால்வரில் ஒருவருக்கும் உரிமை இல்லை. ஐந்தாவதாக 1946 ஏப்ரல் 30 அன்று ஆண் குழந்தை பிறந்த பிறகுதான் அரண்மனைக்கு மூச்சு வந்தது.

அந்த மகிழ்ச்சி ஒன்பது மாதம்கூட நிற்கவில்லை. 1947 ஜனவரி 26 அன்று குழந்தையின் தந்தை இளவரசர் குஸ்தாவ் அடால்ஃப் நெதர்லாந்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார். வழியில் கோபன்ஹேகனின் காஸ்ட்ரப் விமான நிலையத்தில் இறங்கிய விமானம், மறுபடி கிளம்பிய சில நொடிகளில் தரையில் விழுந்து எரிந்தது. வாலிலுள்ள அசையும் பகுதிகளைக் காற்றில் ஆடாமல் பிடித்து வைக்கும் பூட்டைக் கழற்றாமலேயே விமானத்தைக் கிளப்பியிருந்தார்கள். உள்ளே இருந்த 22 பேரும் இறந்தார்கள்.

அப்பா முகமே நினைவில் இல்லாமல் வளர்ந்த அந்தப் பிள்ளைதான் 1973-ல், 27 வயதில், தாத்தாவுக்குப் பின் மன்னரானார். நம் கரைகளையும் சூறையாடிய 2004 சுனாமியில், தாய்லாந்துக்கு விடுமுறைக்குப் போயிருந்த ஸ்வீடன்காரர்கள் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2005 ஜனவரியில் ஸ்டாக்ஹோம் நகர மண்டபத்தில் நடந்த அஞ்சலியில், பெற்றோரை இழந்த குழந்தைகளைப் பற்றிப் பேசும்போது, தானும் தகப்பனில்லாமல் வளர்ந்த குழந்தைதான் என்றார் மன்னர். பொது மேடையில் அப்படியெல்லாம் மனம் திறக்கிறவர் அல்ல அவர். ஸ்வீடன் மக்கள் அந்தப் பேச்சை இன்னும் மறக்கவில்லை.

தாய் சில்வியா ஸ்வீடன்காரர் இல்லையாமே?

ஆமாம். அப்பா ஜெர்மானியர், அம்மா பிரேசில்காரர். 1943-ல் ஹைடல்பர்க்கில் பிறந்து, சிறுவயதில் பத்தாண்டு சாவோ பாலோவில் வளர்ந்தவர் சில்வியா சொமர்லாத். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் விருந்தினர்களைக் கவனிக்கும் பொறுப்பில் வேலை பார்த்தபோது, அப்போது பட்டத்து இளவரசராக இருந்த கார்ல் குஸ்தாவைச் சந்தித்தார். கல்யாணம் 1976 ஜூன் 19 அன்று நடந்தது. குழந்தைகளைப் பாலியல் கொடுமையிலிருந்து காக்க 1999-ல் அவர் தொடங்கிய அறக்கட்டளை பல நாடுகளில் இயங்குகிறது.

பெர்னடோட் பரம்பரை பிரான்சிலிருந்து வந்ததா?

வந்தது, அதுவும் ஒரு வழக்கறிஞர் வீட்டிலிருந்து. தென்மேற்கு பிரான்சின் போ நகரில் 1763-ல் பிறந்த ழான் பாப்டிஸ்ட் பெர்னடோட், படையில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து நெப்போலியனின் தளபதியாக உயர்ந்தார். ஸ்வீடன் மன்னருக்கு வாரிசு இல்லாத நிலையில், 1810-ல் ஓரெப்ரோ நகரில் கூடிய ஸ்வீடன் சபை அவரைப் பட்டத்து இளவரசராகத் தேர்ந்தெடுத்தது. 1818-ல் மன்னரானார். மனைவி டெசிரே, முன்பு நெப்போலியனுக்கே நிச்சயிக்கப்பட்ட பெண்.

பெண்களை ஒதுக்கிய வாரிசுரிமைச் சட்டமும் அதே ஓரெப்ரோ கூட்டத்தில்தான் நிறைவேறியது. விக்டோரியாவின் கணவர் டேனியல் பிறந்ததும் ஓரெப்ரோவில் என்பதை அறிந்தபோது எனக்குச் சிலிர்த்தது.

படிப்பில் எப்படி?

கஷ்டப்பட்டுப் படித்தவர். அவருக்கு டிஸ்லெக்சியா, எழுத்துகளைச் சேர்த்து வாசிப்பதே போராட்டம். அப்பாவுக்கும் தம்பிக்கும் அதே சிரமம் உண்டு. பள்ளியில் மற்றவர்களைவிட மெதுவாகப் படித்ததால் தன்னை மக்கு என்றே நினைத்துக்கொண்டதாகவும், பிள்ளைகள் கேலி செய்ததாகவும் பின்னால் அவரே சொன்னார். 1996-ல் பள்ளிப்படிப்பை முடித்து, பிரெஞ்சு படிக்க பிரான்சின் ஆன்ஜே நகருக்குப் போனார். பிறகு அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம், ஐ.நா.வில் பயிற்சி, வாஷிங்டன் தூதரகத்தில் பயிற்சி என்று தொடர்ந்தது.

இன்னொரு சிரமத்தையும் 2008-ல் வெளியே சொன்னார்: முகங்கள் அவர் நினைவில் நிற்பதில்லை. மூளை முகங்களை அடையாளம் பிரித்துச் சேமிப்பதில் வரும் குறைபாடு அது. மறதியோ அலட்சியமோ இதற்குக் காரணம் இல்லை. ஒரு நாளில் நூறு பேரிடம் கைகுலுக்கி, அடுத்த முறை பார்க்கும்போது பெயர் சொல்லிப் பேச வேண்டிய வேலையில் இருப்பவருக்கு இப்படி ஒரு குறை! எத்தனை பேர் ‘இளவரசிக்குத் தலைக்கனம், கண்டுகொள்ளாமல் போகிறார்’ என்று நினைத்திருப்பார்களோ. அவர் சொன்ன பிறகு, அதே குறை உள்ளவர்களுக்குத் தங்கள் நிலையை விளக்க ஒரு வழி பிறந்தது.

அவருக்கு உணவுக் கோளாறு இருந்தது என்பது உண்மையா?

உண்மை. இந்தப் பக்கத்தில் நிதானமாக வாசிக்க வேண்டிய பதில் இதுதான்.

1995 ஜூலை 14, பதினெட்டாவது பிறந்தநாள். ஸ்டாக்ஹோம் அரண்மனையின் பெரிய மண்டபத்தில், 1650-ல் ராணி கிறிஸ்டினாவின் முடிசூட்டுக்காகச் செய்த வெள்ளி அரியணையின் முன் நின்று, மன்னருக்கும் அரசியல் சாசனத்துக்கும் விசுவாசமாக இருப்பேன் என்று உறுதி சொன்னார் விக்டோரியா. வயது வந்த பெண் வாரிசுக்கு அப்படி ஒரு விழா நடப்பது அதுவே முதல் முறை. அன்றிலிருந்து அவர் எங்கே போனாலும் கேமரா பின்னால் வந்தது.

அடுத்த இரண்டு ஆண்டுகளில் அவர் மெலிந்துகொண்டே போனார். கைகள் குச்சியானது படங்களில் தெரிந்தது. பத்திரிகைகள் ஊகம் எழுதின. 1997 நவம்பரில் அரண்மனையே முன்வந்து, பட்டத்து இளவரசிக்கு உணவுக் கோளாறு இருக்கிறது, சிகிச்சை பெறுகிறார் என்று அறிவித்தது. அரச குடும்பங்கள் ஜலதோஷத்தைக்கூட மறைக்கும் காலத்தில் வந்த அறிவிப்பு அது.

உப்சாலாவில் படிக்கும் திட்டத்தைத் தள்ளிவைத்து, 1998-ல் அமெரிக்கா அனுப்பினார்கள். யேலில் அவர் முகம் தெரிந்தவர்கள் குறைவு. வகுப்புக்குப் போகலாம், கடைக்குப் போகலாம், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அந்த இரண்டு ஆண்டுகளில் மெல்ல மீண்டார்.

பிறகு பேட்டிகளில் அவர் விளக்கியதன் சாரம்: தன் வாழ்க்கையில் எல்லாவற்றையும் மற்றவர்களே முடிவு செய்தார்கள், தன் கையில் இருந்தது தான் வாயில் வைக்கும் சாப்பாடு ஒன்றுதான். நாற்பது வயதானபோது, 2017-ல், ஸ்வீடன் தொலைக்காட்சியில் மறுபடியும் விரிவாகப் பேசினார். தனக்கு அனொரெக்சியா இருந்தது என்று அந்தப் பெயரையே சொல்லிப் பேசினார். வளர்ந்த பெண் குழந்தைகள் இருக்கும் எந்த வீட்டிலும் இந்தப் பேட்டிக்கு மதிப்பு உண்டு. சாப்பிடாமல் அடம்பிடிக்கிறாள் என்று நாம் அதட்டும் பிள்ளைக்குள்ளே என்ன ஓடுகிறது என்பதை, அதைக் கடந்து வந்தவரே சொல்கிறார்.

கணவர் டேனியல் ஜிம் பயிற்சியாளர்தானா?

ஆமாம். டேனியல் வெஸ்ட்லிங், 1973 செப்டம்பர் 15 அன்று பிறந்தவர். வளர்ந்தது ஓக்கல்போ என்ற சிறிய ஊரில். அப்பா நகராட்சி சமூகநலத் துறையில், அம்மா தபால் அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கள். ஸ்டாக்ஹோமில் உடற்பயிற்சி பயிற்சியாளராக இருந்து, பிறகு சொந்தமாக ஜிம் நடத்தினார். விக்டோரியா அவரிடம் பயிற்சிக்கு வந்தார்; 2002-ல் காதல் ஊருக்குத் தெரிந்துவிட்டது. பட்டத்து இளவரசிக்கு ஜிம்காரரா என்று பத்திரிகைகள் கேட்டன. அவர் தொப்பி, பேச்சு, உடை எல்லாவற்றையும் கிண்டலடித்தன. இருவரும் ஏழாண்டு பொறுத்திருந்தார்கள். 2009 பிப்ரவரி 24 அன்று நிச்சயம் அறிவிக்கப்பட்டது.

அந்தக் குடும்பத்தில் காதலுக்காகக் காத்திருப்பது புதிதல்ல. முன்பெல்லாம் சாமானியப் பெண்ணைக் கட்டிக்கொள்ளும் இளவரசர் வாரிசுரிமையை இழப்பார். மன்னரின் சித்தப்பாக்கள் இருவர் அப்படி இழந்தார்கள். இன்னொரு சித்தப்பா பெர்டில், லிலியன் என்ற வேல்ஸ் பெண்ணை 1943-ல் சந்தித்தார். அண்ணன் விமான விபத்தில் போய், கைக்குழந்தை மட்டுமே வாரிசு என்ற நிலை. அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆனால் நாட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று, கல்யாணம் செய்யாமலே முப்பது ஆண்டுகளுக்கு மேல் லிலியனோடு வாழ்ந்தார். குழந்தை வளர்ந்து மன்னராகி அனுமதி தந்த பிறகு, 1976 டிசம்பரில் தாலி கட்டாத குறை தீர்ந்தது. மணமகனுக்கு 64 வயது, மணமகளுக்கு 61.

டேனியலுக்குச் சிறுநீரக மாற்று அறுவை நடந்ததா?

பிறவியிலேயே அவருக்குச் சிறுநீரகம் பலவீனம். நிச்சயமாகி மூன்றே மாதத்தில், 2009 மே மாதம், அவருடைய அப்பாவே ஒரு சிறுநீரகத்தைக் கொடுத்தார். விக்டோரியா அந்த நேரத்தில் டென்மார்க், நார்வே பட்டத்து இளவரசர்களோடு பருவநிலைப் பயணமாக கிரீன்லாந்தில் இருந்தார். அறுவை நல்லபடியாக முடிந்தது.

கல்யாணத்தில் என்ன சர்ச்சை?

2010 ஜூன் 19, பெற்றோரின் கல்யாண நாளிலேயே, அதே ஸ்டாக்ஹோம் பேராலயத்தில் திருமணம். அப்பா தன்னைக் கைப்பிடித்து அழைத்துச் சென்று மாப்பிள்ளையிடம் ஒப்படைக்க வேண்டும் என்று விக்டோரியா விரும்பினார். நமக்கு இதில் என்ன தவறு என்று தோன்றும். ஸ்வீடனில் வழக்கம் வேறு: மணமக்கள் இருவரும் சமமாக, ஒன்றாகவே நடந்து வருவார்கள். பெண்ணை ஓர் ஆண் இன்னோர் ஆணிடம் கொடுப்பது நம் திருச்சபை மரபே இல்லை என்று பேராயரே கருத்துச் சொன்னார். கடைசியில், மன்னர் பாதிவழிக்கு மேல் அழைத்துவர, அங்கே காத்திருந்த டேனியலோடு சேர்ந்து விக்டோரியா பீடம் வரை நடந்தார்.

தலையில் அம்மா தன் கல்யாணத்துக்கு அணிந்த அதே கிரீடம். சடங்கு முடிந்து அரச படகில் துடுப்பு வலித்து அரண்மனைக்கு அழைத்து வந்தார்கள்.

எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பிடித்தது விருந்தில் டேனியல் பேசியது. பழக ஆரம்பித்த காலத்தில் விக்டோரியா ஒரு மாதம் சீனப் பயணம் போக வேண்டியிருந்தது. முந்தின நாள் வேலை முடிந்து வந்தபோதே இரவு வெகுநேரம். பெட்டி கட்ட வேண்டும், தூங்க வேண்டும். அவர் தூங்கவில்லை. காலையில் டேனியல் எழுந்து பார்த்தால் முப்பது கடிதங்கள், அவர் இல்லாத நாள் ஒவ்வொன்றுக்கும் ஒன்று. வாசிப்பதும் எழுதுவதும் சிரமமான ஒரு பெண் இரவு முழுக்க உட்கார்ந்து எழுதியவை அவை.

குழந்தைகள்?

எஸ்டெல், 2012 பிப்ரவரி 23. ஆஸ்கர், 2016 மார்ச் 2. அம்மாவுக்கு அடுத்து எஸ்டெல், அவருக்கு அடுத்து ஆஸ்கர். யாரிடமிருந்தும் எதையும் மாற்றாமல், பிறந்த நிமிடத்திலிருந்தே எஸ்டெலுக்கு அந்த இடம் இருந்தது.

தம்பி, தங்கை பிள்ளைகள் அரச குடும்பத்திலிருந்து நீக்கப்பட்டார்களா?

‘நீக்கம்’ என்று செய்திகளில் வந்தது பெரிய வார்த்தை. கார்ல் பிலிப்பும் சோபியாவும் 2015-ல் மணந்தார்கள்; நான்கு பிள்ளைகள். கடைக்குட்டி இனெஸ் 2025 பிப்ரவரியில் பிறந்தாள். தங்கை மடலின் 2013-ல் கிறிஸ்டோபர் ஓநீல் என்ற நிதித்துறைக்காரரை மணந்தார், மூன்று பிள்ளைகள். கிறிஸ்டோபர் தன் தொழிலை விட மனமில்லாமல் அரசப் பட்டமே வேண்டாம் என்றுவிட்டார். அந்தக் குடும்பம் அமெரிக்காவின் புளோரிடாவில் சில ஆண்டுகள் இருந்து 2024-ல் ஸ்வீடனுக்குத் திரும்பியது.

பேரப்பிள்ளைகள் பெருகியபோது, இத்தனை பேரையும் மக்கள் வரிப்பணத்தில் சுமப்பதா என்ற பேச்சு வந்தது. 2019 அக்டோபரில் மன்னர் ஒரு கோடு போட்டார். விக்டோரியாவின் பிள்ளைகள் மட்டும் அரச இல்லத்து உறுப்பினர்கள். மற்றவர்களுக்கு கோமகன், கோமகள் பட்டம் தனிப்பட்ட முறையில் இருக்கும், வாரிசு வரிசையிலும் இடம் இருக்கும். அரசக் கடமைகள் கிடையாது. பெற்றோர்கள் வரவேற்றார்கள். பிள்ளைகள் பெரியவர்களானதும் விரும்பிய வேலைக்குப் போகலாம் என்பது சின்ன விஷயமா?

விவாகரத்து என்று வந்த செய்தி?

வதந்தி. 2022 பிப்ரவரியில் இணையத்தில் பரவியது. வழக்கமாக இப்படிப்பட்டவற்றுக்குப் பதில் சொல்லாத தம்பதி, குடும்பத்தைக் காக்க வேண்டும் என்பதற்காக, இதில் துளியும் உண்மையில்லை என்று இன்ஸ்டாகிராமில் அறிக்கை வெளியிட்டார்கள்.

எங்கே வசிக்கிறார்கள்?

அத்தைகள் வளர்ந்த, அப்பா பிறந்த அதே ஹாகா அரண்மனையில். இடையில் குடும்பத்தின் கையைவிட்டுப் போய், அரசாங்க விருந்தினர் மாளிகையாக இருந்த கட்டடம் அது. திருமணத்தையொட்டி அரசு திருப்பிக் கொடுத்தது. மன்னரும் ராணியும் இருப்பது நகருக்கு வெளியே டிராட்னிங்ஹோம் அரண்மனையில்.

அதிகாரமே இல்லையென்றால் அவர் செய்யும் வேலை என்ன?

மன்னர் வெளிநாடு போகும்போது அவர் இடத்தில் பொறுப்பேற்பது முதல் வேலை. பிரதமரை நியமிப்பதும் சட்டங்களில் கையெழுத்திடுவதும் மன்னரிடமே இல்லாததால், இவரிடமும் இல்லை. வெளிநாட்டுப் பயணங்கள், தூதர் வரவேற்பு, டிசம்பர் 10 நோபல் விருந்து என்று ஆண்டு ஓடும். நோபல் விருந்துக்கு அம்மாவின் பழைய கவுனை உடுத்தி வந்ததும் உண்டு.

2017 தொடங்கி ஸ்வீடனின் 25 நிலப்பகுதிகளிலும் கால்நடையாகப் போய், அந்தந்த ஊர்க்காரர்களோடு நடந்தார். ஊனமோ தீராத நோயோ உள்ள குழந்தைகளின் பொழுதுபோக்குக்கும் விளையாட்டுக்கும் உதவும் நிதி 1997 முதல் அவர் பெயரில் இயங்குகிறது. 2023 முதல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் நல்லெண்ணத் தூதர்.

2024 மார்ச்சில் ஸ்வீடன் நேட்டோவில் சேர்ந்தது. இருநூறு ஆண்டு அணிசேரா நிலை முடிவுக்கு வந்தது. பிரஸ்ஸல்ஸில் கொடி ஏறியபோது பிரதமரோடு நின்றவர் விக்டோரியா. அதே ஆண்டு செப்டம்பரில், 47 வயதில், ராணுவ அதிகாரிக்கான பயிற்சியில் மாணவியாகச் சேர்ந்தார். நாளைக்கு அந்தப் படைகளின் மிக உயர்ந்த பிரதிநிதியாகப் போகிறவர், அதை வெறும் சீருடையாக எடுத்துக்கொள்ளவில்லை.

மற்ற அரச குடும்பங்களோடு என்ன உறவு?

நம் முறையில் சொன்னால் எளிது. டென்மார்க்கின் மார்கரெத், மன்னர் கார்ல் குஸ்தாவுக்கு அத்தை மகள். அப்படிப் பார்த்தால் இன்றைய டென்மார்க் மன்னர் ஃபிரடெரிக் விக்டோரியாவுக்கு நெருங்கிய சொந்தம். நார்வேயின் ஹரால்டின் தாய் மார்த்தாவும், பெல்ஜியத்தின் ராணியாகி இளவயதில் கார் விபத்தில் இறந்த ஆஸ்ட்ரிடும் ஸ்வீடன் இளவரசிகள், உடன்பிறந்தவர்கள். நெதர்லாந்தின் அமாலியாவுக்கும் நார்வேயின் இங்க்ரிட் அலெக்சாண்ட்ராவுக்கும் விக்டோரியா ஞானத்தாய். இந்தப் பெண்கள் இருவரும் ஒருநாள் ஆளப்போகிறவர்கள்தான்.

எப்போது ராணியாவார்? டேனியல் மன்னராவாரா?

பதவி துறக்கும் எண்ணம் இல்லை என்று மன்னர் சொல்லியிருக்கிறார். எனவே அவர் காலத்துக்குப் பிறகு. முடிசூட்டு விழா இருக்காது. ஸ்வீடனில் கடைசியாக முடி தரித்தவர் 1873-ல் இரண்டாம் ஆஸ்கர். அதன்பின் வந்தவர்கள் உறுதிமொழியோடு சரி. 1720-ல் உல்ரிக்கா எலியனோரா பதவி விலகிய பிறகு, தன் சொந்த உரிமையில் ஆளும் முதல் ராணி விக்டோரியா. டேனியல் இளவரசராகவே தொடர்வார்.

அவரை நேரில் பார்க்க முடியுமா?

ஜூலை 14 அன்று ஓலாந்து தீவுக்குப் போனால் முடியும். அங்கே போர்கோல்ம் நகருக்குப் பக்கத்தில் சொல்லிடன் என்ற கோடை மாளிகை. மன்னரின் கொள்ளுப்பாட்டி ராணி விக்டோரியா கட்டியது. பிறந்தநாள் அன்று பகலில் குடும்பத்தோடு வெளியே வந்து, கூடியிருக்கும் மக்கள் தரும் பூக்களை வாங்கிக்கொள்வார். மாலையில் நகரில் இசை நிகழ்ச்சி, சிறந்த விளையாட்டு வீரருக்கு அவர் பெயரில் விருது. மற்ற கோடை நாட்களில் சொல்லிடன் தோட்டத்தைக் கட்டணம் செலுத்திச் சுற்றிப் பார்க்கலாம். பிறந்தநாள் சமயத்தில் தீவில் அறை கிடைப்பது கடினம்; முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுங்கள்.